குமரி முனை நெருங்கும்போது: தனியாக நெடுந்தூரம் சைக்கிளில் வருபவர்கள் இறுதிக் கட்டத்தை நல்லபடியாக முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காஷ்மீரில் புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை தனியாக சைக்கிள் ஓட்டி வருபவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்துக்காக மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். கடைசி வாரத்தைப் பற்றி அவர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. இத்தனை தொலைவு வந்துவிட்டோம், மிச்சத்தை எப்படியும் ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் உடல் மிகவும் களைத்திருப்பதும், வண்டியின் உறுப்புகள் மிகவும் தேய்ந்திருப்பதும், மனம் மிகவும் அவசரப்படுவதும் ஒரே சமயத்தில் நிகழ்வது அந்தக் கடைசி வாரத்தில்தான். தனியாக வருபவருக்கு இது இன்னும் கடினம். அவருடைய முகம் வாடியிருப்பதையும் பின்சக்கரம் ஆடுவதையும் பார்த்துச் சொல்ல அருகில் ஆள் இல்லை.

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 3,700 கி.மீ. நீளமுடையது. ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது அதில் 3,000 கி.மீ.க்கு மேல் முடிந்திருக்கும். மிஞ்சியிருப்பது சுமார் 640 கி.மீ. இந்த 640 கி.மீ.யை முந்தைய பயணத்தின் வாலாகக் கருதாமல், தனித் திட்டமும் தனி வேகமும் கொண்ட வேறொரு பயணமாகக் கருதி ஓட்ட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே உள்ளவை அனைத்தும் அந்த அடிப்படையில் எழுதப்பட்டவை. மேற்குக் கடற்கரை வழியாக 66ஆம் எண் நெடுஞ்சாலையில் வருபவர்களுக்கும் வண்டி, உடல், ஊர் திரும்புதல் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

முதல் படி: கடைசி நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

ஓசூரில் நின்றுகொண்டு "ஒரு நாளைக்கு 150 கி.மீ. ஓட்டினால் ஐந்தாம் நாள் குமரி" என்று முன்னோக்கிக் கணக்குப் போடுவது வழக்கம். இந்தக் கணக்கில் நாள்தோறும் தூரம் ஏறுமே தவிர இறங்காது. முதல் நாள் 10 கி.மீ. குறைந்தால் அது மறுநாளின் தலையில் விழும். இப்படிச் சேர்ந்துகொண்டே போய், கடைசி நாள் எல்லாவற்றிலும் நீண்ட நாளாகிவிடும். இருட்டிய பிறகு, வெறும் வயிற்றோடு, பழக்கமில்லாத ஊரின் நெரிசலுக்குள் நுழைய நேர்வது இப்படித்தான்.

அதற்கு மாறாக, குமரிக்குள் எந்த நேரத்தில் நுழைய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலை 9 மணிக்குள் நுழைவதே மிக நல்லது. வெயில் ஏறியிருக்காது, காற்று வலுத்திருக்காது, அறை தேடவும் உணவருந்தவும் ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். அப்படியானால் முந்தைய இரவு சுமார் 40 கி.மீ.க்கு முன்னால், அதாவது வள்ளியூர் அளவில், தங்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒரு நல்ல அமைப்பு கிடைக்கிறது: ஓசூரிலிருந்து தருமபுரி 95 கி.மீ.க்குச் சற்று மேல். அங்கிருந்து சேலம் வழியாக நாமக்கல் 115 கி.மீ. அளவு; நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து, கரூர் வழியாகத் திண்டுக்கல் 120 கி.மீ.; திண்டுக்கல்லிலிருந்து மதுரை 65 கி.மீ. மட்டும், மதுரையிலிருந்து கோவில்பட்டி 100 கி.மீ.; அங்கிருந்து திருநெல்வேலி வழியாக வள்ளியூர் 100 கி.மீ.க்குச் சற்று மேல். கடைசியாக 40 கி.மீ.

மதுரைக்கு வரும் நாளைக் குறுகியதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நண்பகலுக்கு முன்பே மதுரையை அடைந்துவிட்டால் துணி துவைக்கவும், வண்டியைப் பார்க்கவும், ஒரு மருந்துக் கடைக்குப் போகவும், பகலிலேயே தூங்கவும் முடியும். மதுரைக்குத் தெற்கே உள்ள 245 கி.மீ.தான் இந்தக் கட்டத்தின் மிகக் கடினமான பகுதி. அதற்குள் ஓய்வெடுத்த கால்களோடு நுழைய வேண்டும்.

ஊர் திரும்பும் பயணச்சீட்டும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ரயிலில் 60 நாட்களுக்கு முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம் என்பதால், குமரியை அடைவதாக எண்ணியிருக்கும் அதே நாள் மாலைக்குச் சீட்டு எடுத்துவிட்டுப் புறப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சீட்டு பிறகு பயணத்தை முதுகிலிருந்து தள்ளத் தொடங்கிவிடும். பஞ்சர், மழை, காய்ச்சல் எது வந்தாலும் நிற்க மனம் வராது. எதிர்பார்க்கும் நாளுக்குப் பிறகு குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டுச் சீட்டு எடுங்கள். ஒரு நாள் தாமதத்துக்கு, மற்றொரு நாள் ஓய்வுக்கும் வண்டியைக் கட்டுவதற்கும்.

இரண்டாம் படி: பெங்களூருவிலேயே வண்டியை முழுமையாகச் சோதியுங்கள்

கியர் சைக்கிளுக்கான உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும் கடைசிப் பெருநகரம் பெங்களூரு. சேலத்திலும் மதுரையிலும் நல்ல கடைகள் உண்டு என்றாலும், நீங்கள் தேடும் அளவும் வகையும் அன்றைக்கு இருப்பில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. விருதுநகரைத் தாண்டிய பிறகு சாலையோர சைக்கிள் கடைக்காரர் சாதாரண வண்டிகளை மிகத் திறமையாகச் சரிசெய்வார். டிஸ்க் பிரேக் பேடும், மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள டியூபும் அவரிடம் இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு டியூப், ஒரு ஜோடி பிரேக் பேட், ஒரு செயின் இணைப்புக் கண்ணி, பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயைப் பொருத்துவதற்கான சிறிய வால்வு அடாப்டர் ஆகியவற்றைப் பெங்களூருவிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய செயினில் 12 முழுக் கண்ணிகளின் (ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி) நீளம், ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை, சரியாக 12 அங்குலம் இருக்கும். இது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பின்சக்கரப் பல்சக்கரங்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். வழக்கமான அறிவுரை, தேய்ந்த செயினை உடனே மாற்று என்பதுதான். ஆனால் கடைசி 640 கி.மீ.யில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தேய்ந்த செயினும் தேய்ந்த பற்களும் ஒன்றுக்கொன்று பழகி ஓடிக்கொண்டிருக்கும். செயினை மட்டும் மாற்றினால் புதிய செயின் பழைய பற்களில் பிடிக்காமல் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் நழுவும். மேம்பால ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கையில் நழுவினால் கீழே விழ நேரிடும். ஆகவே 1/16 அளவில் இருந்தால் செயினை மாற்றலாம். 1/8 அளவைத் தாண்டியிருந்தால், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அல்லது, நழுவாமல் ஓடும்வரை, நன்றாகத் துடைத்து எண்ணெய் இட்டு அப்படியே ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பிரேக்கில் இத்தகைய சமரசத்துக்கு இடமில்லை. டிஸ்க் பேடின் இரும்புத் தகடு நீங்கலாக உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் ஓசூருக்கு முன்பே மாற்றிவிடுங்கள். தொப்பூர் இறக்கம் காத்திருக்கிறது.

பின் டயர் அதிக எடையைத் தாங்குவதால் முன் டயரைவிட விரைவாகத் தேயும். நடுப்பகுதி தட்டையாகிவிட்டிருந்தால், புதிய டயர் ஒன்றை வாங்கி முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றுவது நல்லது. முன் டயர் திடீரென்று வெடித்தால் வண்டியைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். எனவே நம்பகமான டயர் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் நெருடிப் பாருங்கள். மற்றவற்றைவிடத் தளர்ந்த ஒலி தரும் கம்பி ஒன்று இருந்தால் அன்றே முறுக்கிவிடுங்கள். சுமை ஏற்றிய வண்டியில் செயின் பக்கத்துக் கம்பிதான் பெரும்பாலும் முதலில் அறும்.

சீட், காலணி, பெடல், ஹேண்டில்பார் உயரம் ஆகியவற்றில் எதையும் இந்தக் கட்டத்தில் மாற்றாதீர்கள். 3,000 கி.மீ. பழகிய உடலுக்குப் புதிய சீட் எவ்வளவு உயர்ந்ததானாலும் புதிய புண்ணைத்தான் தரும்.

மூன்றாம் படி: உடல் சொல்வதை எழுதி வையுங்கள்

தனியாக வருபவர் நாள்தோறும் மாலையில் ஐந்து செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்: முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம், காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு எவ்வளவு, சிறுநீரின் நிறம் என்ன, எங்கே வலிக்கிறது, இன்றைக்கு எதன்மீதாவது காரணமின்றி எரிச்சல்பட்டோமா. கடைசிக் கேள்வி விளையாட்டுக்குச் சேர்த்ததன்று. டீக்கடையில் சில்லறை தாமதமானதற்காகக் கோபம் வருவது, வழி கேட்டுச் சொன்னது மறந்துபோவது, திருப்பத்தைத் தவறவிடுவது ஆகியவை உடல் களைப்பு மூளையை எட்டிவிட்டதற்கான அடையாளங்கள். காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நன்றாக உயர்ந்து, இரண்டு நாட்களுக்கு இறங்காமல் இருந்தால் மறுநாள் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

சிறுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு வரும் பொதுவான தொல்லை. உள்ளங்கையின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் தொடர்ந்து அழுத்தப்படுவதால் இது வருகிறது. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கைப்பிடியை மாற்றுங்கள். ஹேண்டில்பாரில் ஒரு சுற்று துணி கூடுதலாகச் சுற்றுங்கள். சட்டைப் பொத்தான் போடவோ பிரேக்கை இறுக்கிப் பிடிக்கவோ முடியாத அளவுக்குப் பிடி தளர்ந்தால் அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரேக்கைப் பிடிக்க முடியாத கையோடு நாற்கரச் சாலையில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

சீட் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியமானது உலர்ந்த துணி. அறைக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்துக்குள் சைக்கிள் கால்சட்டையைக் கழற்றி, குளித்து, தளர்வான வேட்டியோ லுங்கியோ பருத்திப் பாவாடையோ உடுத்திக்கொள்ளுங்கள். காயாத கால்சட்டையை மறுநாள் அணியவே கூடாது. புண் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் குறைவாகக் குடிப்பது மட்டுமல்ல, வியர்வையோடு போகும் உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்தே. தலைவலி, குமட்டல், கை வீக்கம், குழப்பம் ஆகியவை இரத்தத்தில் சோடியம் குறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் மட்டுமே கலக்குங்கள். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பிட்ட நீர்மோரும் வழியெங்கும் நன்கு உதவும்.

நான்காம் படி: ஓசூரிலிருந்து மதுரை வரை

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கும் சேலத்துக்கு இறங்குவதால் முதல் இரண்டு நாட்கள் எளிதாகத் தோன்றும். அந்த எளிமையை நம்பித் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாய் தெற்கு நோக்கிச் செல்பவருக்கு இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் செல்லும் வண்டிகளின்மீது மோதும் விபத்துகளுக்குப் பெயர்போன இடம் அது. இங்கே சைக்கிள்காரருக்கு ஆபத்து முன்னால் இருப்பதைவிடப் பின்னால்தான் அதிகம். காலை வெளிச்சத்தில் மட்டும் கடந்து செல்லுங்கள். பின்சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன் நின்று, இரண்டு பிரேக்கையும் சோதித்து, சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறமே செல்லுங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போனால் அது சூடேறும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். பின்னால் வரும் வண்டியின் ஒலி மாறுவதைக் கேட்க வேண்டியிருப்பதால் காதில் பாட்டு எதுவும் வேண்டாம்.

தைப்பூசத்தை ஒட்டி வருபவர்கள் திண்டுக்கல் பக்கத்தில் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் பக்தர்களை இரவும் பகலும் சாலையோரத்தில் காண்பார்கள். நீங்கள் ஓட்டும் அதே ஓரத்தில்தான் அவர்கள் நடப்பார்கள். அங்கே வேகத்தைக் குறைத்து, மணியடித்து, தேவையானால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். சாலையோரப் பந்தல்களில் நீர்மோரும் அன்னதானமும் வழங்குவார்கள். அன்போடு கொடுப்பதைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மதுரைக்குத் தெற்கே, கரிசலும் முள்ளும்

திருமங்கலத்தைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வரை இருபுறமும் கரிசல் காடு; சாலையோரத்தில் நிழல் தரும் மரங்கள் குறைவு. விடியற்காலை 5:30 மணிக்கு விளக்கோடு புறப்பட்டு, 11 மணிக்கு நிறுத்தி, மாலை 3 மணிக்கு மேல் மீண்டும் ஓட்டுவதே இங்கே பொருந்தும். குளிர்காலத்தில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் முகத்துக்கு எதிரே விழும். தொப்பியின் முன்விளிம்பும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். கழுத்தையும் உதட்டையும் மறந்துவிடாதீர்கள்.

இந்தப் பகுதியில் பஞ்சருக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சீமைக் கருவேல முள். ஓய்வெடுக்கச் சாலையை விட்டு மண்ணில் இறங்கும்போதுதான் அது பெரும்பாலும் ஏறும். எனவே வண்டியை உருட்டாமல் தூக்கிச் சென்று நிறுத்துங்கள். மற்றொன்று, வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்து சாலையோரத்தில் கிடக்கும் மெல்லிய எஃகுக் கம்பி இழை. மயிரிழை போன்ற இது டயருக்குள் குத்தி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டியூபை மாற்றிக் காற்றடித்தால் அரை மணி நேரத்தில் மீண்டும் இறங்கும். மாற்று டியூப் இரண்டும் இப்படியே வீணாகிவிடக்கூடும்.

ஆகவே பஞ்சர் ஆனவுடன் டியூபைக் கழற்றுவதற்கு முன் வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேரே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டியூபைத் தனியே ஊதி ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ அதே தூரத்தில், வால்வின் இரண்டு பக்கமும், டயரின் உட்புறத்தைத் தேடுங்கள். வெறும் விரலால் தடவினால் கம்பி விரலைக் கிழிக்கும். சிறிது பஞ்சையோ பழைய காலுறையையோ உள்ளே வைத்து மெதுவாக இழுத்தால் கம்பி இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அந்த இடத்தில் டயரை வெளிப்புறமாக வளைத்து, நகவெட்டியின் முனையாலோ சிறிய இடுக்கியாலோ பிடுங்கி எடுங்கள். இத்தனைக்கும் பதினைந்து நிமிடம் ஆகலாம். அந்தப் பதினைந்து நிமிடம் அன்றைய நாளைக் காப்பாற்றும்.

உணவைப் பொறுத்தவரை இந்த வழி கருணையானது. சாத்தூரில் காராச்சேவும், பருவத்தில் வெள்ளரிப் பிஞ்சும் கிடைக்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெல்லமும் நிலக்கடலையும் சேர்ந்த அது சைக்கிள் ஓட்டுபவருக்கு எந்த வெளிநாட்டு ஆற்றல் பட்டைக்கும் குறைந்ததன்று. வெயிலில் உருகிக் குழையாமல் இருப்பது கூடுதல் நன்மை. கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட இடத்தின் நினைவிடம் இருக்கிறது. இறங்கி வணங்கிவிட்டு, கால்களுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.

ஆறாம் படி: காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

கயத்தாற்றில் காற்றாலைகள் தெரியத் தொடங்கும்போதே இந்த மண்ணின் இயல்பு புரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கமும் ஆரல்வாய்மொழியிலும் உள்ள கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து வேகமெடுத்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதும் அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவர்களுக்குக் காவல்கிணற்றுப் பகுதியில் இந்தப் பக்கக்காற்றுதான் பயணத்தின் கடைசிப் பெரிய சோதனை.

தெற்கு நோக்கிச் செல்லும்போது காற்று வலப்புறமிருந்து அடித்து உங்களைச் சாலையின் இடது ஓரத்துக்குத் தள்ளும். அதைச் சமாளிக்க நீங்கள் அறியாமலேயே வலப்புறம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அப்போது ஒரு லாரி வலப்புறமாக முந்திச் செல்லும் கணத்தில் அது காற்றைத் தடுத்துவிடுகிறது. தள்ளிக்கொண்டிருந்த விசை சட்டென்று மறைய, சாய்ந்திருக்கும் வண்டி லாரியை நோக்கியே போகும். லாரி கடந்த மறுகணம் காற்று மீண்டும் அறையும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, பின்னால் லாரி ஒலி கேட்டவுடன் மிதிப்பதைக் குறைத்து, உடலைத் தாழ்த்தி, கைகளை இறுக்காமல், கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது இடப்புறம் இடம் விட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தில் தொங்கும் பைகளிலிருந்து கனமானவற்றைப் பின்னால் மாற்றுங்கள். படபடக்கும் மழைச் சட்டையைக் கழற்றிவிடுங்கள். காற்று நிலைகொள்ளாமல் தள்ளினால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். அதனால் பயணத்தின் பெருமை எள்ளளவும் குறையாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்களுக்கு நிலைமை வேறு. வடகிழக்குக் காற்று முதுகுப் பக்கமிருந்து ஓரளவு உதவும். ஆனால் மழை பிடித்தால் நாள் முழுதும் பெய்யும். கரிசல் மண் சேறானால் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியையே நிறுத்திவிடும். அந்த நாட்களில் மண் சாலைக் குறுக்குவழி எதையும் நம்பாதீர்கள்.

ஏழாம் படி: தனிமையும் அவசரமும்

பச்சை வழிகாட்டிப் பலகைகளில் கன்னியாகுமரி என்ற பெயர் தோன்றத் தொடங்கியதும் மனம் ஒவ்வொரு கிலோமீட்டரையும் எண்ணத் தொடங்கும். எண்ண எண்ணத் தூரம் நீளும். கைபேசியிலும் வண்டியின் மீட்டரிலும் மொத்த மீதித் தூரம் காட்டும் திரையை மாற்றி, அடுத்த ஊருக்கான தூரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாத்தூருக்குப் போகும்போது சாத்தூர் மட்டுமே இலக்கு.

வீட்டில் ஒருவரோடு காலையில் புறப்படும்போதும் இரவில் தங்கும்போதும் பேசும் ஏற்பாட்டை இந்த வாரத்தில் தளர்த்திவிடாதீர்கள். இருப்பிடத்தைப் பகிர்வதோடு, இரவு 7 மணிக்குள் தகவல் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அவருக்கு எழுதிக் கொடுங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். வட மாநிலத்திலிருந்து வரும் நண்பர்களுக்கு இதை நான் குறிப்பாக வலியுறுத்துவேன். பூட்டிய கைபேசியால் யாருக்கும் எதுவும் தெரியவராது.

பெண்கள் தனியாக வரும்போது தங்குமிடத்தை அன்று காலையே தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் நுழைவது நல்லது. இன்ன ஊரில் இன்றிரவு தங்குகிறேன் என்பதைச் சாலையில் கேட்பவர்களிடமும் சமூக ஊடகத்திலும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை அந்த ஊரைக் கடந்த பிறகு பதிவிடலாம்.

எட்டாம் படி: கடைசி இரவும் கடைசிக் காலையும்

வள்ளியூரில் தங்கும் இரவு உறக்கம் வராமல் போகலாம், அது இயல்பு. அன்று மாலையே புகைப்படங்களையும் பாதைப் பதிவுகளையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். சாதனைப் பதிவுக்காக வருபவர்கள் பயணத்துக்கு முன்பே விண்ணப்பித்து, அந்த அமைப்பு கேட்கும் சாட்சிக் கையெழுத்து, குறிப்பேடு, ஜி.பி.எஸ். பதிவு ஆகியவற்றை வழியெங்கும் சேர்த்திருக்க வேண்டும். முடிவிடத்தில் சாட்சியாக நிற்பவரிடம் முந்தைய நாளே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

எங்கே முடிப்பது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். நெடுஞ்சாலை ஊருக்குள் முடிந்துவிடுகிறது. கடல் அதற்கு அப்பால் இருக்கிறது. முக்கடல் சங்கமத்தை ஒட்டிய தெருக்கள் குறுகலானவை, கூட்டம் மிகுந்தவை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை பக்தர்களின் வாகனங்களால் ஊரே நிறைந்திருக்கும். அறையும் எளிதில் கிடைக்காது. காந்தி மண்டபத்துக்கு அருகே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடலைக் காணும் இடத்துக்குச் செல்வது பாதுகாப்பானது. கடற்கரை மணலுக்குள் வண்டியை இறக்காதீர்கள்.

குடும்பத்தார் வரவேற்க வருவதாக இருந்தால், முதல் அரை மணி நேரம் தனியாக இருக்க விரும்புகிறீர்களா என்பதை அவர்களிடம் முன்பே மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள். நெடுநாள் தனிமைக்குப் பிறகு திடீரென்று பத்துப் பேர் சூழ்வது சிலருக்குப் பேரின்பம், சிலருக்குத் திணறல். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் செல்லும் படகை அன்றே பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, உறங்கி, மறுநாள் போகலாம்.

ஒன்பதாம் படி: வண்டியையும் உடலையும் வீடு சேர்த்தல்

கன்னியாகுமரி ரயில் நிலையம் கடைசி நிலையம் என்பது பெரிய வசதி. ரயில் நீண்ட நேரம் நிற்பதால் சைக்கிளை அவசரமின்றி ஏற்ற முடியும். புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே பார்சல் அலுவலகத்துக்குச் சென்று, எந்த ரயிலில் சரக்குப் பெட்டியில் இடம் இருக்கிறது, எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். பயணச்சீட்டும் அடையாள அட்டையும் நகலோடு தேவைப்படும். இறங்கும் ஊரில் ரயில் சில நிமிடங்களே நிற்கும் என்றால், அருகிலுள்ள பெரிய நிலையத்துக்குப் பதிவு செய்வது நல்லது. போய்ச் சேர்ந்த பிறகு உரிய நேரத்துக்குள் எடுக்காவிட்டால் கூடுதல் கட்டணம் விழும்.

விளக்கு, மீட்டர், தண்ணீர்ப் புட்டி, பைகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, பெடல்களை உட்புறமாகத் திருப்பியோ கழற்றியோ, ஹேண்டில்பாரைச் சட்டத்துக்கு இணையாகத் திருப்பிக் கட்டுங்கள். பின்னால் தொங்கும் கியர் மாற்றிதான் எளிதில் வளையும் உறுப்பு. அதைச் செயினோடு உட்பக்கமாக மடித்துத் துணி சுற்றுங்கள். அதன்மேல் அட்டை, அதன்மேல் சாக்கு என்று தைத்து, பெயர், ஊர், தொலைபேசி எண்ணை இரண்டு இடங்களில் எழுதுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் செல்பவர்கள் பெட்டியின் அளவு வரம்பை விமான நிறுவனத்திடம் முன்பே கேட்க வேண்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ஓட்டம் நின்ற பிறகும் முதல் ஒரு வாரத்துக்குப் பசி அதே அளவில் இருக்கும். உணவைப் படிப்படியாகக் குறையுங்கள். ஓட்டுவதை ஒரேயடியாக நிறுத்தாமல், மூன்றாம் நாளிலிருந்து தினம் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டினால் கால்களின் விறைப்பு நீங்கும். காரணமற்ற சோர்வும் வெறுமையும் பலருக்கு வருகிறது. நாள்தோறும் விடியலில் செய்வதற்கு ஒரு தெளிவான வேலை இருந்து, அது திடீரென்று இல்லாமல் போவதால் வருவது அது. வீட்டாரிடம் இதை முன்பே சொல்லி வைத்தால் அவர்களும் கலங்க மாட்டார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் அது நீங்காவிட்டாலோ, விரல்கள் அப்போதும் மரத்தே இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். கடற்காற்றின் உப்பு செயினையும் திருகுகளையும் விரைவில் துருவேற்றும் என்பதால், சாக்கைப் பிரித்த அன்றே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் இட்டுவிடுங்கள்.